மஞ்சள் குருவியை முதலில் எடுத்தது யார்?

"மதாம், உங்களுக்கு நிம்மதி வேண்டுமா, மலிவு வேண்டுமா?"

தொலைபேசியில் ஒரு பெண் என்னிடம் பிரெஞ்சில் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது எங்கள் கடையின் மின்சாரத்தையும் எரிவாயுவையும் பற்றி. விலையை மூன்று வருடத்துக்கு ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் நிம்மதி. சந்தையோடு ஏறி இறங்க விட்டால் இப்போதைக்கு மலிவு. எதை எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டு ஒரு குளிர்காலம் முழுதும் போய்விட்டது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போனாலும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் போய்க் கடையில் நிற்கிறது.

எங்கள் கடை பாரிஸில், லா சப்பலில் இருக்கிறது. மெத்ரோவில் இருந்து இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் எண்ணெய் மணமே கூட்டிக்கொண்டு வந்துவிடும். காலையில் இடியப்பமும் சம்பலும், மத்தியானம் சோறும் கறியும், பின்னேரம் ரோல்ஸ், வடை, கொத்துரொட்டி. உள்ளே ஆறு மேசை. குசினி என் கணவரின் இராச்சியம். கடுதாசிகள் என்னுடையவை. அப்படிப் பிரித்துக்கொள்வோம் என்று நாங்கள் ஒருநாளும் பேசி முடிவெடுக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்தவள், இங்கே வந்து இரண்டு வருடம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள். அதனால் கடைக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தாமாகவே என் பக்கம் உருண்டு வந்துவிட்டன. எங்கள் தெருவில் "படிச்சவ" என்பது ஒரு பதவி மாதிரி. சம்பளம் இல்லை, விடுமுறையும் இல்லை.

அந்தப் பதவிக்கு நான் பொருத்தமில்லாதவள் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். கடையைப் பூட்டும்போது அடுப்புக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். பூட்டிய பிறகு திரும்பவும் திறந்து பார்ப்பேன். பிறகு ஒரு யோசனை தோன்றி, மூடிய குமிழ்களைத் தொலைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினேன். மார்க்ஸ் டோர்மோயில் உள்ள எங்கள் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் அம்மாவை வரையச் சொன்னபோது என் மகள் ஓர் அடுப்பையும், அதைப் படமெடுக்கும் ஒரு பெண்ணையும் வரைந்தாள். இது என்ன என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். அம்மா அடுப்புக்கு "நாளைக்குச் சந்திப்போம்" சொல்கிறா என்று இவள் பிரெஞ்சில் விளக்கம் கொடுத்திருக்கிறாள். ஐந்து வயது.

சென்ற வருடம் இலையுதிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் மின்சார ஒப்பந்தமும் எரிவாயு ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடிகின்றன. நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டும் புது விலையில் தாமாகவே இன்னும் மூன்று வருடம் ஓடும். வேண்டாமென்றால் குறித்த நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். புது விலை பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதை வாசித்துவிட்டுக் கடிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். அவருடைய இரண்டு கையிலும் மா. எட்டிப் பார்த்துவிட்டு, "நீர் பாரும்" என்றார்.

"பார்த்திட்டன். கூடிப்போச்சு."

"அப்ப குறைஞ்சதாப் பாரும்."

எங்கள் நிர்வாகக் கூட்டம் அவ்வளவில் முடிந்தது.

குறைந்ததாகப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. இந்த நாட்டில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் எத்தனையோ பேர் விற்கிறார்கள். யாரிடமும் வாங்கலாம். கம்பி ஒன்றுதான், குழாய் ஒன்றுதான், சுவரில் இருக்கும் மீட்டரும் அதேதான். பில் அனுப்புகிறவர் மட்டும் மாறுவார். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கிழமை எடுத்தது. எங்கள் சமையல்காரருக்கு விளங்கவைக்க இன்னும் முடியவில்லை. அவர் மன்னார்க்காரர். வில்லியே லே பெல்லில் இருந்து விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, சட்டையைக்கூட மாற்றாமல் முதலில் அடுப்பைப் பற்றவைக்கிறவர். நான் கொம்பனி மாற்றப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, மலிவுக் காஸ் எடுத்தா நெருப்பு நீலமா நிக்காது. மஞ்சளா ஆடும். பேந்து சட்டி கரியாப் போச்செண்டு என்னைச் சொல்லக் கூடாது."

"அண்ணை, அதே குழாயிலை அதே காஸ்தான் வரும். ஆள்தான் வேறை."

"ஓம். பாலும் எல்லாம் மாட்டிலை இருந்துதான் வருது. விக்கிறவன் எவ்வளவு தண்ணி விடுறான் எண்டதுதான் கதை."

அன்றிரவு வீட்டுக்குப் போய், எரிவாயுவில் தண்ணீர் கலக்க முடியுமா என்று இணையத்தில் தேடினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மகளின் பழைய சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து அட்டவணை போட்டேன். மின்சார மீட்டருக்குப் பதினான்கு இலக்கத்தில் ஓர் எண் இருந்தது. எரிவாயு மீட்டருக்கும் அதேபோல ஒன்று. மாதாந்த நிலையான கட்டணம் ஒரு நிரல், ஒரு அலகின் விலை ஒரு நிரல், எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும் என்பது ஒரு நிரல். இதைவிட, ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று முன்கூட்டியே ஓர் அளவைச் சொல்லி, அந்த அளவுக்குப் பணம் கட்ட வேண்டும். எங்களைப்போல் கொதியெண்ணெய்ச் சட்டியும் இடியப்ப அவிப்பானும் சேர்ந்து ஓடும் கடைக்குக் கூடுதலான அளவு தேவை. ஒரு கொம்பனியிடம் விலை கேட்டால் போதும். அடுத்த நாளே மற்றக் கொம்பனிகள் எல்லாம் கூப்பிடத் தொடங்கிவிடுகின்றன. மகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுத் திரும்புவதற்குள் ஒருநாள் நான்கு பேர் என்னை "அன்பான மதாம்" என்று அழைத்தார்கள்.

கழித்துக் கழித்து மூன்றில் வந்து நின்றேன். பழைய கொம்பனி, மின்சாரத்துக்கு மட்டும் அரசு நிர்ணயிக்கும் விலை, அடுத்தது இரண்டையும் சேர்த்துத் தரும் ஒரு புதுக் கொம்பனி. அதன் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் தெருவிலும் யாரும் பெயர் சொல்வதில்லை. கடிதத்தின் மேல்மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு குருவி இருந்தது. அதனால் மஞ்சள் குருவிக்காரர்.

மஞ்சள் குருவிக்காரரின் விலை மற்ற இரண்டையும்விட நன்றாக இருந்தது. நல்ல விலையைக் கண்டால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும். எனக்குச் சந்தேகம்தான் வரும். ஏன் குறைவு? எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்? யாரும் எடுத்துப் பார்த்திருந்தால் நல்லதல்லவா?

புதன்கிழமை பின்னேரங்களில் மகளுக்குத் தமிழ் வகுப்பு. பெற்றோர் எல்லாரும் படிக்கட்டில் இருந்துதான் காத்திருப்போம். அந்தப் புதன் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்கள் தெருச் சீலைக்கடைக்காரரின் மனைவி. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவரிடம் நான் கேட்ட வசனத்தை அப்படியே எழுதுகிறேன். பிற்பாடு எனக்குள்ளே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்ததால் ஓர் எழுத்தும் மறக்கவில்லை. "மஞ்சள் குருவி போட்ட கொம்பனி ஒண்டு கறண்டும் காஸும் குடுக்குதாம். ஆரும் எடுத்திருக்கினமோ தெரியுமோ?" தெரியாது அக்கா, இவரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கதை அதோடு நின்றது.

பத்து நாள் போயிருக்கும். வெண்டைக்காய் வாங்க மரக்கறிக் கடைக்குப் போனேன். அந்தக் கடை அண்ணை லெ பிளாங்-மெனிலில் இருந்து வருகிறவர். தெருவில் எங்களுக்கு முதலே கடை போட்டவர். பையை நீட்டிக்கொண்டே, "தங்கச்சி, கறண்ட் மாத்திற யோசினை இருந்தா மஞ்சள் குருவியைப் பாரும். நல்ல சாமானாம். நான் மாத்திப்போட்டன்" என்றார். எனக்கு வெண்டைக்காயை அங்கேயே வைத்துவிட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அதே கிழமை சலூன் தம்பியும் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிறகு சீலைக்கடையும் என்றார்கள்.

கொப்பியில் புதிதாக ஒரு நிரல் போட்டேன், "யார் எடுத்தார்கள்" என்று. பழைய கொம்பனிக்கு நேரே ஒன்றும் இல்லை. மஞ்சள் குருவிக்கு நேரே மூன்று சரி. கல்யாணத்துக்கு ஓம் சொன்னபோதுகூட நான் இவ்வளவு உறுதியாக இருக்கவில்லை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, கடைசி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு மஞ்சள் குருவிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். மிகவும் மரியாதையான பெண் ஒருவர் எடுத்தார். எண்களைச் சரிபார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், நிம்மதியா, மலிவா என்று. நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார். நான் இன்னும் யோசித்தேன். மௌனத்தை நிரப்புவதற்காகத்தான் அவர் அடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும், மதாம். உங்கள் தெருவில் மூன்று கடைகள் எங்களிடம் வந்திருக்கின்றன. யார் பரிந்துரைத்தார் என்ற கட்டத்தில் மூவரும் உங்கள் கடையின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்து வைத்தவுடன் மூன்று பேருக்கான அன்பளிப்பும் உங்கள் முதல் பில்லில் கழிக்கப்படும்.

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

எங்கள் தெருவைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இங்கே ஒருவருக்கு அறை பிடித்துக் கொடுத்தாலும், பழைய கார் வாங்கிக் கொடுத்தாலும், இடையில் நின்றவருக்கு ஒரு கொமிசன் போகும். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் கொமிசன் வாங்குகிறவரின் சொல்லை ஒரு விதமாகவும், வாங்காதவரின் சொல்லை வேறு விதமாகவும்தான் கேட்பார்கள். வீட்டுவாடகைக் கடிதத்தையும் பள்ளிக்கூடக் கடிதத்தையும் கொண்டு என்னிடம் வருகிறவர்கள், நான் வாசித்துச் சொல்வதை அப்படியே நம்பிப் போவது அதனால்தான். இப்போது மூன்று கடைகள் என் பெயரில் மூன்று வருடத்துக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. விலை பிழைத்தால் நான் சொல்லிக் கெட்டது. விலை சரிவந்தாலோ நான் கொமிசனுக்குச் சொன்னது. இந்தத் தெருவில்தான் நாங்கள் கடை நடத்த வேண்டும், மகளும் இந்தத் தெருவில்தான் வளர வேண்டும். நானோ ஒன்றும் சொல்லவே இல்லை.

ஒருவேளை எங்கள் கடைப் பெயரை அவர்கள் வேறு ஏதோ காரணத்துக்காக எழுதியிருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, முதலில் மரக்கறிக் கடைக்குப் போனேன். மஞ்சள் குருவியைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். சலூன் தம்பிதான் என்றார் அண்ணை. சலூனுக்குப் போனேன். தம்பி ஒருவருடைய தலையைப் பாதி வெட்டியபடி நின்று, சீலைக்கடை அக்கா சொன்னவா என்றார். கொம்பனி ஆளே குருவிப் படம் போட்ட சட்டையோடு கடைக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனாராம். கதிரையில் இருந்தவர் பாதித் தலையோடு என்னைக் கண்ணாடியில் பார்த்து, நல்ல கொம்பனியோ என்று விசாரித்தார். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்தேன். அந்த ஒரு விஷயத்தில் சரியாக நடந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

சீலைக்கடையில் கடைக்காரரின் மனைவி தனியாகச் சீலை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு உந்த மஞ்சள் குருவியை ஆர் சொன்னது?"

அவர் மடிப்பதை நிறுத்தினார். "என்னக்கா, நீங்கள்தானே."

"நான் சொல்லேல்லை. கேட்டனான்."

"ஓம், கேட்டனீங்கள். நீங்கள் கேக்கிறதெண்டா எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டுத்தானே கேட்டிருப்பியள்."

"தெரியாதபடியால்தான் கேட்டனான்."

தன்னடக்கம் காட்டுகிறவரைப் பார்ப்பதுபோல் அவர் என்னை அன்பாகப் பார்த்தார். "காஸும் சேர்த்து எடுப்பம் எண்டுதான் இவர் சொன்னவர். போன் எடுத்துக் கேட்டா, எங்கடை கடையிலை காஸ் மீட்டரே இல்லையாம்."

வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த கதிரையில் நான் இருந்துவிட்டேன். கொப்பியில் போட்ட மூன்று சரியும் நான்தான். என் சந்தேகம் என் வாயால் வெளிக்கிட்டு, மூன்று கடை ஏறி இறங்கி, உறுதியாக மாறி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நான் அதை வெண்டைக்காயோடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் ரோல்ஸ் ஒன்று எண்ணெய்க்குள் அவிழ்ந்துவிட்டது. "கேள்வியாலையே மூண்டு கடையை மாத்திப்போட்டீர். வாய் திறந்து பதில் சொல்லியிருந்தீரெண்டா பாரிஸ் முழுக்கச் சாய்ஞ்சிருக்கும்." நான் அழப்போகிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தி, அவர்களைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லும்படி சொன்னார். அவர் எனக்குச் சொன்ன நல்ல யோசனைகளில் அது ஒன்று. மற்றவற்றை எழுதினால் இன்றைக்கு இந்தக் கட்டுரை முடியாது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் கடையில் ஆட்கள் குறைவு. மூவரையும் பில்களோடும் ஒப்பந்தங்களோடும் வரச் சொன்னேன். இரண்டு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டுத் தேநீரும் வடையும் வைத்தோம். நான் எழுந்து நின்று, பரீட்சையில் பார்த்து எழுதி அகப்பட்டவள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு இந்தக் கொம்பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது, விசாரித்தது மட்டும்தான், இதில் எனக்கு ஒரு சதமும் வரவில்லை, வரப்போவதும் இல்லை என்றேன். யாராவது கோபப்படுவார்கள் என்று பார்த்தேன். மரக்கறிக் கடை அண்ணை வடையைச் சம்பலில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீர் கேட்டதாவது கேட்டனீர்," என்றார். "நாங்கள் ஒருத்தரும் அதையும் கேக்கேல்லையே."

பிறகு நாங்கள் நான்கு பேருமாகக் குனிந்து வாசித்தோம். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒரே குருவி, ஒரே விலைத்தாள், ஆனால் கடைக்குக் கடை வேறு கதை. அண்ணையின் கடையில் குளிர்ப்பெட்டிகள் இருபத்துநாலு மணியும் ஓடுகின்றன. இரவில் விலை குறையும் திட்டம் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவர் எங்களைப் பெருமையாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சலூன் தம்பியும் அதே திட்டத்தைத்தான் எடுத்திருந்தார். பகலில் விலை கூட, இரவில் குறைவு.

"தம்பி, நீர் எத்தினை மணிக்குப் பூட்டுறனீர்?" என்று அண்ணை கேட்டார்.

"ஏழரைக்கு."

"அப்ப இரவிலை ஆருடைய தலையை வெட்டப்போறீர்?"

கூட்டத்துக்கு மனைவியை அனுப்பியிருந்த சீலைக்கடைக்காரர் செய்திருந்தது இன்னும் நல்லது. எவ்வளவு மின்சாரம் ஒரே நேரத்தில் தேவை என்று கேட்டபோது, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போடும் அளவையே போடும்படி சொல்லியிருக்கிறார். பத்து விளக்கும் ஒரு இஸ்திரிக்கைப் பெட்டியும் உள்ள கடை, கொதியெண்ணெய்ச் சட்டிகளுக்கு உரிய அளவுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் கட்டிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே தொலைபேசி எடுத்துக் குறைப்பித்தோம். சலூன் தம்பியின் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு, சிறு கடைக்காரருக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு பணிமனைக்கு அடுத்த நாள் நானே போனேன். அங்கே இருந்த பெண்மணி திகதியைப் பார்த்தார். விற்பவர் கடைக்கே வந்து எழுதி வாங்கியதால், தம்பியைப்போல் சின்னக் கடை வைத்திருப்பவர் பதினான்கு நாளுக்குள் வேண்டாமென்று சொல்லலாம் என்றார். பதின்மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் போனது. தபாற்கந்தோர் வரிசையில் நின்றபோது அந்தக் கடிதத்தின் முகவரியை எத்தனை தரம் சரிபார்த்தேன் என்று தம்பி எண்ணினாராம். பதினொன்று என்கிறார். ஏழு அல்லது எட்டாக இருக்கலாம்.

பரிந்துரைத்தவர் என்ற கட்டத்தில் இருந்து எங்கள் பெயரை நீக்கும்படி கொம்பனிக்கும் எழுதினேன். நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். யாரும் கேட்டால் காட்டலாம். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எல்லாம் பேசி முடிந்து, தேநீர்க் கோப்பைகளை அடுக்கும்போது சீலைக்கடைக்காரரின் மனைவி கேட்டார்:

"சரியக்கா, இப்ப நீங்கள் எதை எடுக்கப்போறியள்?"

அண்ணை வாயைத் துடைத்தார். சலூன் தம்பி தொலைபேசியைக் கையில் எடுத்து, எழுதிக்கொள்ளத் தயாராக வைத்துக்கொண்டார். இரண்டு மணித்தியாலமாக இவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இன்னும் யோசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

அந்த நிமிடத்தில் எடுத்த முடிவுதான், எதை எடுத்தாலும் வெளியே சொல்வதில்லை என்பது.

அறிவித்தல் கொடுக்க எங்களுக்கு ஒன்பது நாள் இருந்தது. இந்த முறை "யார் எடுத்தார்கள்" என்ற நிரலைக் கிழித்துப்போட்டுவிட்டு, எங்கள் கடையை மட்டும் பார்த்தேன். காலையில் சமையல்காரர் மீட்டரை வாசிக்க வேண்டும், பின்னேரம் நான், பூட்டும்போது கணவர். ஒரு கிழமை எழுதினோம். கடை மூடியிருந்த திங்கட்கிழமையும் மீட்டர் விடாமல் ஓடியிருந்தது. காரணத்தைத் தேடிப் போனால், நிலவறையில் ஒரு பெரிய உறைபெட்டி. திறந்து பார்த்தோம். மூன்று பை முருங்கையிலையும், யாருடையதோ பிறந்தநாள் கேக்கில் கால்வாசியும் இருந்தன. கேக்கில் மிச்சமிருந்த எழுத்துகளை வைத்து அது எங்கள் வீட்டுப் பிறந்தநாள் இல்லை என்று மட்டும் கண்டுபிடித்தோம். அந்தப் பெட்டியின் செருகியைக் கழற்றியதில் மிச்சமானது, எந்தக் கொம்பனி தருவதாகச் சொன்ன கழிவையும்விடக் கூட. சமையல்காரர் முருங்கையிலையைச் சொதிக்குள் போட்டார். கேக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசி நாளுக்கு முதல்நாள், இரண்டு தொலைபேசி அழைப்பில், இரண்டு ஒப்பந்தத்தையும் முடித்தேன். ஒன்றில் நிம்மதியை எடுத்தேன், மற்றதில் மலிவை எடுத்தேன். எது எதில் என்பதையும் யாரிடம் என்பதையும் மன்னிக்க வேண்டும், இங்கேயும் எழுத மாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் எங்கள் தெருக்காரர் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒப்பந்தக் கடிதங்கள் கடை முகவரிக்கு வராமல் வீட்டுக்கு வரும்படி செய்தேன். கணவரிடமும் சத்தியம் வாங்கினேன். அவருக்கு அது வலு சுகம். எந்தக் கொம்பனி என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை.

இப்படி எல்லாம் செய்தும் சென்ற கிழமை மூலை நகைக்கடைக்காரர் எங்கள் கடைக்கு வந்து, ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கணவரோடு கதைத்தார். அவருக்கும் எங்களுக்கு வந்த மாதிரி ஒரு கடிதம் வந்ததாம். திகதி முடியும்வரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டாராம். கூடின விலையில் மூன்று வருடம் ஓடுமே என்று கணவர் கேட்டதற்கு அவர் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"உங்கடை மனிசி இந்த முறை ஒண்டும் சொல்லேல்லை. அப்ப மாத்தாமல் இருக்கிறதுதான் நல்லதெண்டு எனக்கு விளங்கீட்டுது."

கேட்டதும் பரிந்துரை, கேட்காமல் விட்டதும் பரிந்துரை. வெளியே போய் அவருக்கு என்ன சொல்வது? நான் மாற்றிவிட்டேன் என்றால், யாரிடம் என்பார். சொன்னால் நாளைக்கே அதை எடுப்பார், அவருக்கு எரிவாயு மீட்டர் இருக்கிறதோ இல்லையோ. மாற்றவில்லை என்றால் அது பொய். நான் குசினி வாசலில் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவர் இரண்டாவது ரோல்ஸையும் முடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே, சொந்தக்காரரும் ஊர்க்காரரும் நிறைந்த தெருவில் கடை வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். "நீர் எதை எடுத்தனீர்?" என்று ஒருவர் கேட்கும்போது, அவருக்கு நோகாமலும், பொய் சொல்லாமலும், அவருடைய மூன்று வருடம் என் தலையில் ஏறாமலும் எப்படிப் பதில் சொல்வது? நகைக்கடைக்காரரிடம் நானாகவே போய்ப் பில்லைக் கொண்டுவாருங்கள் என்று கேட்கலாமா, அது அதிகப்பிரசங்கித்தனமா? நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எழுதும்போது ஒரே ஒரு உதவி: நீங்களே செய்து பார்த்ததா, இன்னொருவர் சொல்லக் கேட்டதா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.